நாற்பத்தெட்டு மணித்தியாலம்

எங்கள் தோட்டத்தில் யாருக்குப் படிவம் நிரப்ப வேண்டியிருந்தாலும் என் வீட்டுக்குத்தான் வருவார்கள். அடையாள அட்டை, பிறப்புச் சான்று, சேமலாப நிதி எல்லாமே சிங்களத்திலும் இங்கிலீசிலும்தான் வந்து இறங்கும். நான் தோட்டப் பள்ளிக்கூடத்து மாஸ்டர். இருபத்திரண்டு வருஷமாக மற்றவர்கள் கதையைக் கட்டம் கட்டமாக எழுதிக் கொடுத்து வருகிறேன். அதில் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொண்டது. ஆள் வாசலில் நிற்கும்போதே முகத்தைப் பார்த்து, இன்ன படிவம் என்று ஊகித்துவிடுவேன். மார்ச் மாதம் முதல் மழை விழுந்த பின்னேரம் டக்ளஸ் வந்து நின்றபோது மட்டும் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. படிவத்தை மட்டும் சொப்பிங் பேக்கில் சுற்றிச் சட்டைக்குள் வைத்திருந்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“இங்க வேணாம் மாஸ்டர். எங்க லயத்துக் காம்பராவுக்கு வந்து எழுதுங்க. இசபெல் இருக்கயில எழுதணும்.”

“ஏன், பெண்டாட்டியும் கையெழுத்துப் போடணுமா?”

“இல்ல. நீங்க சத்தமா வாசிங்க. அவ கேட்டுக்கிருவா. எனக்குச் சொல்ல வாய் வரமாட்டேங்குது.”

படிவத்தைப் பிரித்துப் பார்த்தேன். உல்லாசப் படகு விபத்து அறிக்கை என்று மேலே போட்டிருந்தது. எந்த விபத்து என்று கேட்டேன். அவன் சொன்ன தேதி, ஊரே பேசிக்கொண்டிருந்த விபத்தின் தேதி அல்ல. அதற்குப் பதினொரு நாள் முந்தைய தேதி.  குடையை எடுத்துக்கொண்டு அவன் பின்னால் நடந்தேன்.

டக்ளஸை உங்களுக்குச் சொல்ல வேண்டும். லயத்து வரிசை வீட்டில் பிறந்து, லயத்திலேயே கல்யாணம் கட்டி, இன்றைக்கும் லயத்தில் இருப்பவன். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற கத்தோலிக்கன். குடிக்க மாட்டான், அதனால் லயத்தில் அவனுக்குக் கூட்டாளிகள் குறைவு. பத்து வருஷம் மலையில் தேயிலைக்கு மருந்து அடித்தான். பிறகு அணைத் தண்ணீரின் ஓரத்தில் இருந்த பழைய துரை பங்களாவை யாரோ வாங்கி ஹோட்டல் ஆக்கினார்கள். டூரிஸ்ட்காரர்களை ஏற்றித் தண்ணீரைச் சுற்றிக் காட்ட ஒரு மெஷின் போட்டும் வாங்கினார்கள். அதை ஓட்ட ஆள் தேவைப்பட்டது. லைசன் எடுத்தால் வேலை உனக்கு என்று மெனேஜர் டக்ளஸிடம் சொன்னார்.

லைசனுக்குப் பரீட்சை இருந்தது. அதற்கு ஒரு சிறு புத்தகம், அதுவும் சிங்களத்தில். நான்தான் நாலு பின்னேரம் உட்கார்ந்து அதைத் தமிழில் ஒரு கொப்பியில் எழுதிக் கொடுத்தேன். அதை வைத்து அவனுக்குப் பாடம் கேட்டவள் இசபெல். காலையில் கொழுந்து எடுக்கப் போய், நாலரைக்கு மேல் கூடையோடு வந்து, மேலெல்லாம் தேயிலை வாசத்தோடு அடுப்பில் ரொட்டி தட்டிக்கொண்டே கேள்வி கேட்பாள். கொப்பியை மாச்சட்டிக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்திருப்பாள். ஒருமுறை நான் போயிருந்தபோது நடந்த பேச்சு இன்னும் காதில் இருக்கிறது.

“போட்டுல வர்ற ஆளுக்குக் காயம் பட்டு டாக்டரிட்ட காட்ட வேண்டி வந்தா என்ன செய்யணும்?”

“ரிப்போட்டு குடுக்கணும்.”

“எத்தன மணித்தியாலத்துக்குள்ள?”

“நாப்பத்தெட்டு.”

“யாரு குடுக்கணும்?”

“ஓட்டுறவருதான். எழுத்துல.”

“நல்லா சொல்றீங்க. கருகிப்போன ரொட்டி உங்களுக்கு இல்ல, எனக்கு” என்று சிரித்தாள். பச்சை மிளகாய்ச் சம்பலோடு எனக்கும் ஒரு ரொட்டி கிடைத்தது. டக்ளஸ் பரீட்சையில் பாஸாகிவிட்டான். கொப்பியை எழுதிக் கொடுத்ததோடு என் கடமை முடிந்தது என்று நானும் கொஞ்சம் பெருமையாகத்தான் திரிந்தேன்.

மனப்பாடம் செய்த பாடம் ஒன்று, ரத்தத்தில் ஊறின பழக்கம் இன்னொன்று. எங்கள் தோட்டத்தில் ஒருத்திக்குக் குளவி கொட்டினாலும், கால் வழுக்கித் தண்ணீர்க் கானில் விழுந்தாலும், அவள் செய்ய வேண்டியது ஒன்றுதான். கங்காணியிடம் சொல்ல வேண்டும். கங்காணி கணக்கப்பிள்ளையிடம் சொல்வார், கணக்கப்பிள்ளை கண்டாக்கையாவிடம், கண்டாக்கையா துரையிடம். மேலே போன சேதி ஒரு துண்டுச் சீட்டாகத் திரும்பி வரும், ஆஸ்பத்திரிக்குப் போ என்று. நேரே துரையிடம் போய்ச் சொன்னால் திமிர். பக்கத்து மலையில் போய்ச் சொன்னால் வேலையைக் கெடுக்கிற பேச்சு. மேலே உள்ளவர் காதில் போட்டுவிட்டால் நம் பொறுப்பு தீர்ந்தது. ஐந்து தலைமுறையாக இப்படித்தான். அதை ஒரு கொப்பி மாற்றிவிடும் என்று நினைத்தது என் முட்டாள்தனம்.

பெப்ரவரி மாதம் இரண்டாவது ஞாயிறு. மழை இல்லாத காலம். கீழே பொல்பிட்டிய வரைக்கும் கரண்டுக்காகத் தண்ணீரைத் திறந்துவிட, அணை நாளுக்கு நாள் வற்றிக்கொண்டு வந்தது. கரையில் சிவப்பு மண் படிப்படியாகத் தெரிந்தது. கொழும்பிலிருந்து வந்த ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு டக்ளஸ் வழக்கமான பாதையில்தான் போயிருக்கிறான். நடுவில், கரை நீட்டிக்கொண்டிருக்கும் முனையைத் திரும்பும் இடத்தில் படகின் அடியில் இரும்பில் இரும்பு மோதுகிற சத்தம். படகு அப்படியே நின்று குலுங்கியது. முன்னால் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் கைப்பிடிக் கம்பியில் விழுந்து புருவம் கிழிந்துவிட்டது.

டக்ளஸ் தன் கை லேஞ்சியால் கட்டுப் போட்டான். பிறகு குனிந்து தண்ணீரைப் பார்த்தான். ஒரு சாண் ஆழத்தில், பாசி மூடி, ஒரு இரும்புத் தூண் நின்றது. அணை கட்டுவதற்கு முந்தைய காலத்தில் கொழுந்து மூட்டையைக் கம்பியில் தொங்கவிட்டு ஃபேக்டரிக்கு இறக்குவார்கள். அந்தக் கம்பி கட்டின தூண். அணைத் தண்ணீர் அதை மறைத்து வைத்திருந்தது. இத்தனை வருஷமும் படகு அதற்கு மேலாகவே போய் வந்திருக்கிறது, யாருக்கும் தெரியாமல்.

கரைக்கு வந்ததும் டக்ளஸ் நேரே மெனேஜரிடம் போனான். சங்கதி முழுவதையும் சொன்னான். தூண் இருக்கும் இடத்தையும் கையால் காட்டினான். அதில் அவன் ஒரு குறையும் வைக்கவில்லை. மெனேஜர் ஆளை அனுப்பிப் பெரியவருக்கு ஹட்டனில் நாலு தையல் போடச் செய்தார், அந்தக் குடும்பத்தின் பில்லில் சாப்பாட்டுக் காசைக் கழித்தார். பிறகு டக்ளஸிடம், “ஹரி, மம பலாகன்னங்” என்றார். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அர்த்தம். வெளியில் பேச வேண்டாம், சீசன் நேரம், டூரிஸ்ட்காரர்கள் பயந்துவிடுவார்கள் என்றும் சொல்லியிருக்கிறார். டக்ளஸ் தலையாட்டிவிட்டு வந்து, மோதியதில் வளைந்துபோன மெஷின் விசிறியைக் கழற்றிப் புதிது மாட்டினான். மறுநாளிலிருந்து அந்த முனையைச் சுற்றிக்கொண்டு போனான். அவன் மனதில் பாரம் எதுவும் இல்லை. சொல்ல வேண்டியவரிடம் சொல்லியாச்சு.

தண்ணீரின் அக்கரையில் இன்னொரு ஹோட்டல் இருந்தது. அங்கே படகு ஓட்டியவன் சுகந்தன், இசபெலின் தம்பி. முப்பத்திரண்டு வயது, இரண்டு பிள்ளைகள். தகப்பன் செத்தபோது அவனுக்கு ஒன்பது வயது. கொழுந்து எடுக்கத் தன் பேரைப் பதிந்து அவனை வளர்த்தவள் இசபெல். அவன் வாரம் ஒருதடவை, ஞாயிறு பூசை முடிந்து பின்னேரம் அக்காளுக்குப் போன் எடுப்பான். டக்ளஸின் படகு மோதிய அந்த ஞாயிறும் எடுத்தான். அப்போதுதான் டக்ளஸின் சட்டைக் கையில் ரத்தக் கறையைப் பார்த்து இசபெல் என்னவென்று கேட்டிருந்தாள். மெஷினில் கீறிவிட்டது என்று டக்ளஸ் சொல்லியிருந்தான். போனில் பேசி முடித்துவிட்டு அவள் போனை இவன் பக்கம் நீட்டினாள். தம்பி உங்களைக் கேட்கிறான், பேசுங்கள் என்றாள். பிறகு பேசுகிறேன் என்று இவன் முகம் கழுவப் போய்விட்டான்.

பதினோராம் நாள், வியாழக்கிழமை. தண்ணீர் இன்னும் வற்றியிருந்தது. நாலு மணிக்கே பனி இறங்கிவிட்டது. சுகந்தன் ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு அந்த முனையைத் திரும்பினான். தூண் படகின் அடியைக் கிழித்து, படகு ஒரு பக்கமாகக் கவிழ்ந்தது. எல்லாருக்கும் மிதவைச் சட்டை போட்டுத்தான் ஏற்றியிருந்தான், அதனால் எல்லாரும் பிழைத்தார்கள். ஒரு சின்னப் பெண்ணை விசிறிப் பக்கத்திலிருந்து இழுத்துத் தள்ளினபோது அவன் வலது கை உள்ளே போய்விட்டது. கண்டி ஆஸ்பத்திரியில் மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேலே எடுத்துவிட்டார்கள்.

அடுத்த வாரம், படகு லைசன் கொடுக்கிற கந்தோரிலிருந்து விசாரணைக்கு ஒருவர் வந்தார். செல்வரத்தினம் என்று பெயர். யாழ்ப்பாணத்து ஆள், ஹட்டனில் வாடகை அறையில் இருப்பவர், ஐம்பது வயதிருக்கும். படகுத்துறையில் எல்லா ஓட்டுநர்களையும் நிறுத்தி, இந்தத் தூண் இருக்கிறது என்று முன்னமே யாருக்காவது தெரியுமா என்று கேட்டார். டக்ளஸின் மெனேஜரும் கைகட்டிக்கொண்டு நின்றிருந்தார். யாரும் பேசவில்லை. டக்ளஸும் பேசவில்லை. அப்படியென்றால் ஓட்டினவர் பாதையை விட்டு விலகி, பனியில் வேகமாகப் போயிருக்கிறார் என்றுதான் எழுத வேண்டி வரும் என்று செல்வரத்தினம் சொன்னார். அப்படி எழுதினால் சுகந்தன் மேல் வழக்கு. கையும் போய், பேரும் போய், நட்டஈடும் கிடைக்காது.

அன்று கூட்டம் கலைந்ததும் மெனேஜர் டக்ளஸைத் தனியே கூப்பிட்டு, நீ நல்ல பிள்ளை என்றாராம். எனக்குக் கேட்கக் கேட்கப் பற்றிக்கொண்டு வந்தது. நல்ல பிள்ளை என்று பேர் எடுத்தே நாசமாய்ப் போன சனம் நாங்கள்.

ஞாயிற்றுக்கிழமை கணவனும் மனைவியும் கண்டிக்குப் போனார்கள். இசபெல் விடியற்காலையில் எழும்பிச் சோறும் கருவாட்டுக் குழம்பும் ஆக்கி எடுத்துப் போயிருந்தாள். தம்பிக்கு அவளே ஊட்டினாள். வாய் நிறையச் சோற்றோடு சுகந்தன் டக்ளஸைப் பார்த்துச் சொன்னது இதுதான்:

“எம்மேலதான் மச்சான் பெழ. அந்த மொனையில தண்ணி கொறஞ்சிருக்கும்னு எனக்குத் தெரிஞ்சிருக்கணும். நீங்க ஒருநாளும் இப்புடி மோத விட்டிருக்க மாட்டீங்க.”

டக்ளஸ் வார்டை விட்டு வெளியே வந்து, படிக்கட்டில் உட்கார்ந்து அழுதிருக்கிறான். தம்பி மேல் இவருக்குத்தான் எவ்வளவு பாசம் என்று இசபெல் நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் அவன் ஹட்டனுக்குப் போய் செல்வரத்தினத்தின் முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னான். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“தம்பி, உங்கட மெனேஜருக்குச் சொன்னது வேற, எங்களுக்கு எழுதித் தாறது வேற. உங்களுக்கு இது தெரியாதோ?”

“தெரியும் சேர். பாடமாக்கினேன். அவருகிட்ட சொன்னா அவரு சொல்லிருவாருன்னு நெனச்சேன். தோட்டத்துல அப்புடித்தான் சேர்.”

“இந்த விதி ஆளைப் பிடிக்கிறதுக்கு மட்டும் வைச்சதில்லை. அடுத்ததா வாற போட்டுக்காகவும்தான். அண்டைக்கே நீங்கள் ரெண்டு வரி எழுதித் தந்திருந்தால் அந்தத் தூணிலை சிவப்புக் கொடி கட்ட எனக்கு அரை நாள் காணும்.” அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன் என்று டக்ளஸ் என்னிடம் சொன்னான்.

“இப்ப எழுதினா மச்சான் பேரு தப்புமா சேர்?”

“தப்பும். முன்னமே ஒரு போட் அதிலை அடிபட்டது எழுத்திலை வந்தால், அவரிலை பிழை சொல்லேலாது. ஆனா உங்கட லைசன் போகும். வழக்கும் வரும். அதை ஒளிச்சுக் கதைக்க எனக்கு விருப்பமில்லை. நாளைக்குப் பத்து மணிக்கு என்ரை அறிக்கை கொழும்புக்குப் போகுது. அதுக்கு முதல் கொண்டு வாங்கோ.”

அந்தப் படிவத்தைத்தான் சட்டைக்குள் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தான். லயத்துக்கு நடக்கும் வழியெல்லாம் இதைச் சொல்லிக்கொண்டே வந்தான். எனக்கு இரண்டு விதமாகவும் இருந்தது. ஓங்கி அறையலாம் போலவும் இருந்தது, தோளில் கை போடலாம் போலவும் இருந்தது. குடை சின்னது, இரண்டு பேருக்கும் பாதி பாதி நனைந்தது.

காம்பராவில் இசபெல் அடுப்படியில் இருந்தாள். அன்று மழையால் அரைப் பேரோடு, அரை நாள் கூலிக்கு, விட்டிருந்தார்கள். இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கைக் கழற்றி வாசல் இஸ்தோப்புக் கம்பியில் காயப்போட்டிருந்தாள். என்னைக் கண்டதும் வாங்க மாஸ்டர் என்று பலகையை இழுத்துப் போட்டுவிட்டு, தேத்தண்ணி ஊற்றப் போனாள். தம்பியின் நட்டஈட்டுப் படிவம்தான் வந்திருக்கிறது என்று நினைத்திருப்பாள்.

டக்ளஸ் சுவரோரம் குந்தினான். நான் படிவத்தை மடியில் விரித்து, பேனாவைத் திறந்து, முதல் கட்டத்தைத் தமிழில் வாசித்தேன். படகை ஓட்டியவரின் பெயர். எழுதினேன். அடுத்தது, விபத்து நடந்த திகதி.

“பெப்ரவரி…” என்று தொடங்கினேன்.

“இருபத்தி மூணு மாஸ்டர், வியாழக்கெழம” என்றாள் இசபெல் அங்கிருந்தே. “ஓட்டினவரு பேரு சுகந்தன்னு போட்டீங்களா?”

நான் டக்ளஸைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்தான். வாசியுங்கள் என்று கண்ணால் கெஞ்சினான். அப்போதுதான் எனக்குச் சுருக்கென்று தைத்தது. பெண்டாட்டியிடம் சொல்வதற்கும் அவனுக்கு நடுவில் ஒரு கங்காணி தேவைப்பட்டிருக்கிறது. அந்தக் கங்காணி நான்.

இசபெல் தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து நின்றாள். இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பன்னிரண்டு வயதிலிருந்து மலையில் நிற்கிறவள், வரப்போகிற மழையைக் காற்றிலேயே கண்டுபிடிக்கிறவள். கோப்பையைத் தரையில் வைத்தாள்.

“மாஸ்டர், நீங்க வாசிக்காதீங்க. என்னன்னு அவரே சொல்லட்டும்.”

அவன் சொன்னான். ஞாயிறு, தூண், பெரியவரின் புருவம், மெனேஜர், எல்லாம். தலையைத் தூக்காமல், பரீட்சைக்குப் பாடம் ஒப்பிக்கிற மாதிரி வரிசையாகச் சொன்னான். அடுப்பில் ரொட்டி கருகுகிற வாசம் வந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

 கூரைத் தகரத்தில் மழை இரைந்தது. அவள் கத்துவாள், மாரில் அடித்துக்கொள்வாள் என்று நான் பயந்திருந்தேன். அவள் குரல் ஏறவே இல்லை.

“அன்னைக்குப் போனை உங்க கையில நீட்டினேனே.”

“மெனேஜரு வெளிய பேச வேணாம்னு சொன்னாரு இசபெல். அவரு சொல்லிருவாருன்னுதான்…”

“நான் வெளியா?” என்றாள். “ரத்தம் என்னன்னு கேட்டேன். தம்பி அங்குட்டு லைன்ல இருந்தான். அந்த மொனையில ஒரு இரும்பு நிக்கிது, பாத்துப் போடான்னு ஒரு வார்த்த. ரிப்போட்டு கூட வேணாங்க. அந்த ஒரு வார்த்த போதும்.”

 டக்ளஸ் மேலே சொல்லிவிட்டால் போதும் என்றே வளர்ந்த மனிதன். பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நானும் சொல்லித் தரவில்லை. என் கொப்பியில் இருந்ததும் மேலே எழுதி அனுப்புகிற பாடம்தான்.

“எழுதுங்க மாஸ்டர்” என்றாள் கடைசியில். “தம்பி பேராவது தப்பட்டும்.”

எழுதினேன். இடம், நேரம், காலநிலை, காயத்தின் விபரம். தாமதத்துக்குக் காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. என்ன போட என்று கேட்டேன். என் தவறு என்று போடுங்கள் என்றான் டக்ளஸ். மெனேஜரிடம் சொன்னதை அவன் சேர்க்கச் சொல்லவில்லை. அது உண்மை என்பதால் அதையும் போட்டேன், ஆனால் அவன் சொன்னதை முதலில் போட்டேன்.

கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி. அன்றைய தினம் இந்த விபத்தைப் பற்றி அறிந்திருந்த வேறு ஆட்களின் பெயர்கள். கீழே மூன்று கோடு விட்டிருந்தார்கள். முதலாவதில் மெனேஜர் பெயரை எழுதினேன்.

இசபெல் எனக்குப் பக்கத்தில் வந்து குந்தி, வாசிக்கத் தெரியாத அந்தச் சிங்கள எழுத்துகளைப் பார்த்தாள்.

“இதுல என் பேரு வருமா மாஸ்டர்?”

“வராது இசபெல். உனக்குத்தான் அன்னைக்குத் தெரியாதே.”

“ஆமா, தெரியாது” என்றாள். “என் பேரு இதுல வந்திருந்தா என் தம்பிக்குக் கை இருந்திருக்கும்.”

எழுந்து அடுப்படிக்குப் போய், கருகின ரொட்டியை எடுத்துத் தட்டில் வைத்தாள். எனக்கோ அவனுக்கோ தரவில்லை. தானே பிய்த்துத் தின்னத் தொடங்கினாள்.

படிவத்தில் வெறும் கோடுகளை அப்படியே விடக்கூடாது, குறுக்கே கீறி அடைக்க வேண்டும். பிறகு யாரும் பெயர் சேர்க்க முடியாதபடி. அடைக்கப் போனேன். டக்ளஸ் என்னிடமிருந்து பேனாவை வாங்கினான். மிச்சமிருந்த இரண்டு கோடுகளையும் அவனே கீறி அடைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டான்.